ஊர்த் திண்ணைக்கு ஆத்தங்குடிக் கல்: பட்டறைகள் எவ்வளவு தோது?

செட்டிநாட்டு ஆத்தங்குடிப் பட்டறைகளில், தரையில் பதிக்கும் வண்ணச் சிமெண்ட் கல்லைக் கையால் போடுவதைப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். கேட்டால் சில இடங்களில் ஒரு கல்லை நம் கையாலேயே வார்க்க விடுகிறார்கள். இதையே பெரிதாக்கி, தெருக்காரர்களோ பள்ளிப் பிள்ளைகளோ ஆளுக்கொரு கல் வார்த்துப் பொது இடத்தில் பதிக்க நினைப்பவர்களுக்காக இந்த மதிப்பீடு. கைவேலையில் பட்டறைக்காரர்களைக் குறை சொல்ல இடமே இல்லை. கூட்டமாகப் போனால்தான் இடிக்கும். அதற்கு நாம் தயாராகப் போக வேண்டும்.

இந்தக் கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் டிசைன் அச்சு. வெள்ளைச் சிமெண்டும் ஆக்சைடு கலரும் கரைத்த கூழை அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை நேராக மேலே தூக்கியதும், ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த மணல்-சிமெண்ட் கலவையைத் தூவி, அதன் மேல் சாந்தை அழுத்திச் சமன் செய்கிறார்கள். ஒரு நாள் உலர்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். கடைசியில் கண்ணாடியைப் பிரித்தால், கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகத்தில் இருக்கும்.

ஊர் வேலைக்கு அச்சு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அச்சு வைத்தால் தொண்ணூறு பேர் வார்த்தாலும் தொண்ணூறும் ஒன்றுபோலவே வரும். அச்சில்லாமல் கையால் வரைந்து ஊற்றும் பூக்கல்லைக் கேளுங்கள். கரண்டி நடுங்கியது, கோடு தடித்தது எல்லாம் அப்படியே பதிந்து நிற்கும். யார் கல் எது என்று வருஷம் கழித்தும் அடையாளம் தெரியும்.

புதிதாக வார்ப்பவர்கள் இரண்டு இடத்தில் தவறுவார்கள். முதலாவது, எது முன்னால் என்ற கணக்கு. காகிதத்தில் பின்புலத்தைத் தீட்டிவிட்டுப் பூவை வரைகிறோம். இங்கே கண்ணாடியைத் தொடுவதுதான் கல்லின் முகம் என்பதால் முதலில் ஊற்றியதே முன்னால் தெரியும். பூவை முதலில், பின்புலத்தை அதன் மேல் ஊற்ற வேண்டும். முறை மாறினால் பூ உள்ளே புதைந்துவிடும். இரண்டாவது, இடவல மாற்றம். எழுதுவது இடவலம் மாறிய கண்ணாடி எழுத்தாகத்தான் வெளியே வரும். ‘ப’ தப்பித்துக்கொள்ளும், ‘ட’ மாட்டிக்கொள்ளும். பெயர் எழுத ஆசைப்பட்டால், தாளில் தடித்த பேனாவால் எழுதி, தாளைத் திருப்பி, பின்பக்கம் தெரிவதைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து அதன் மேலேயே ஊற்றச் சொல்லுங்கள்.

கூழ் ஆப்ப மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். நீர்த்தால் ஒரு கலர் இன்னொன்றில் ஓடிக் கலங்கும். இறுகினால் காற்று சிக்கி முகத்தில் ஊசித் துளை விழும். கலர் அடுக்கு சுமார் 3 மி.மீ. போதும். ஆக்சைடு சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அழுத்தமான நிறம் வேண்டுமென்று கூடப் போட்டால் முகம் பொடியும். சிவப்பு, மஞ்சள், கறுப்புக்கு இரும்பு ஆக்சைடும் பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடும் வெயிலையும் சிமெண்டின் காரத்தையும் தாங்கும். பெயர் தெரியாத மலிவுப் பொடிகள், குறிப்பாக நீலம், தாங்காமல் வெளுக்கலாம். என்ன பொடி என்று பட்டறையில் கேட்டுக்கொள்வதில் தப்பே இல்லை. சிமெண்ட் தோலை அரிக்கும்; பிள்ளைகளுக்கு ரப்பர் கையுறை கட்டாயம், பொடி கலக்கும் இடத்தில் அவர்களை நிறுத்தவே கூடாது.

முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: ‘எத்தனை கண்ணாடி காலியாக இருக்கும்?’ சட்டம் உடனே அடுத்த கல்லுக்குப் போய்விடும். கண்ணாடியோ கல் பதமாகும் வரை அதனுடனேயே கிடக்கும். தொண்ணூறு கல் என்றால் தொண்ணூறு கண்ணாடி முடங்கும். அன்றாட ஆர்டர் ஓடும் பட்டறையில் அது பெரிய சுமை. பத்துப் பதினைந்து பேராகப் பல நாள் பிரித்துப் போனால் அவர்களும் முகம் கோணாமல் சொல்லித்தருவார்கள். இன்னொன்று: கலர் ஈரமாக இருக்கும்போதே பின்சாந்து ஏற வேண்டும். சித்திரை வெயிலில் ஒருவர் யோசித்துக்கொண்டே நின்றால் கலர் ஒரு பக்கம் இறுகி, அடுக்கு பிரியும். படத்தைத் தாளில் முடிவு செய்துகொண்டு போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர்வது தாமதமாகும். அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

பதிக்கும் இடம் பற்றி எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு: சுவர் வேண்டாம், தரை அல்லது திண்ணை. பிரேசிலின் ரியோ நகரில் செலரோன் என்ற கலைஞர் 1990-இல் தொடங்கிய படிக்கட்டு உலகப் புகழ் பெற்றது. 60-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஓடுகள் அதில் இருக்கின்றன. அதைப் பார்த்துச் சுவருக்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. சூளையில் சுட்டு மெருகேற்றிய ஓடு நிமிர்ந்து நின்றாலும் பளபளக்கும். ஆத்தங்குடிக் கல் கால் பட்டு, துடைபட்டுத்தான் மெருகேறும். யாரும் தொடாத வெளிச்சுவரில் அது மங்கிப்போகும். ஊருணிக் கரை மண்டபம், பேருந்து நிறுத்தத் திண்ணை, நூலக வாசல் என்று கூரை இருக்கிற, ஆட்கள் உட்கார்ந்து எழுகிற இடமாகப் பாருங்கள். வார்த்தவர்கள் மட்டுமல்ல, வந்து உட்காருகிறவர்களும் அந்த வேலையைத் தொடர்கிறார்கள்.

10 அடிக்கு 4 அடித் திண்ணைக்கு 8 அங்குலக் கல் சரியாக 90. கல் ஒன்று ஒன்றே முக்கால் கிலோ வரும். மொத்தம் 160 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்றும்போது படுக்க அடுக்காமல் நிறுத்தி, முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் காகிதம் வையுங்கள். பதிக்கும் முன் கல்லைத் தண்ணீரில் நனைக்காவிட்டால் அது சாந்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கல் சரியாக ஒட்டாமல், தட்டினால் டொக்கென்று கேட்கும். இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்து, மரக்கட்டையால் தட்ட வேண்டும், சுத்தியல் ஆகாது. மூட்டுக்குப் பூசும் வெள்ளைச் சிமெண்டை அப்போதே துடைத்துவிடுங்கள். காய்ந்தால் கறுப்புக் கல்லில் சாம்பல் படலமாக ஒட்டும். உப்புத் தண்ணீர் எங்கேயும் வேண்டாம், முகத்தில் உப்புப் பூக்கும். வெள்ளையடிப்பு, பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகே கல் பதிக்கும் ஆள் வர வேண்டும்.

ஆசிட் ஊற்றிக் கழுவினால் ஒரே நாளில் முகம் போய்விடும். எலுமிச்சை, புளி, வெற்றிலைக் காவியும் கறை பிடிக்கும். கழுவுகிறவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தினமும் வெறும் தண்ணீரில் துடைத்து, அவ்வப்போது துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் போதும்.

90 வேண்டிய இடத்தில் 100 வார்த்துக்கொள்ளுங்கள். சில கல் வண்டியில் மூலை உடையும். மிச்சத்தை அந்த நூலகத்திலோ பள்ளியிலோ பத்திரப்படுத்துங்கள். அடுத்த வருஷம் அதே பட்டறையில் அதே ஆள் கலக்கினாலும் அதே சிவப்பு வராது.