துணையின் படிப்புப் புள்ளியால் விண்ணப்பம் போனது: மனுவா, நீதிமன்றமா, புது விண்ணப்பமா?

நிரந்தரக் குடியேற்றத்துக்குத் திறனாளிகளைப் புள்ளி போட்டு வரிசைப்படுத்தி அழைப்பு அனுப்பும் முறைதான் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. அதில் மனைவி அல்லது கணவரின் படிப்புக்கு அதிகபட்சம் 10 புள்ளி. மொத்தம் 1,200-இல் பத்து. புரொஃபைல் நிரப்பும்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 'முதுகலை' என்று தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அழைப்புக்கான கட் ஆஃபுக்கு மூன்று புள்ளி மேலே நின்று அழைப்பு வாங்கியவருக்கு அந்தப் பத்தைக் கழித்தால் கதை முடிந்தது. பல மாதம் காத்திருந்த பிறகு மறுப்புக் கடிதம் வருகிறது, அதில் குடிவரவுச் சட்டத்தின் 11.2 பிரிவு.

அந்தப் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: எந்தத் தகுதியைக் காட்டி அழைப்பு வாங்கினீர்களோ, அது அழைப்பு வந்த நாளிலும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலும் உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். உங்கள் மனைவி உண்மையிலேயே முதுகலை படித்தவரா என்பது இங்கே கேள்வி இல்லை. அவர் படிப்பைக் கனடா தரத்துக்கு மதிப்பிட்ட ஈ.சி.ஏ. அறிக்கை அந்த இரண்டு நாளும் செல்லுபடியாக இருந்ததா என்பதே கேள்வி. பட்டம் பத்து வருடம் பழையதாக இருக்கலாம். ஈ.சி.ஏ. அறிக்கையின் தேதி அழைப்புக்கு நான்கு நாள் பிந்தியது என்றால் புள்ளி இல்லை.

மறுபடி எழுதிக் கேட்பதா, நீதிமன்றம் போவதா, புதிதாக விண்ணப்பிப்பதா என்று ஒப்பிடும் முன் வந்த கடிதத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்புவது வேறு, மறுப்பது வேறு. துணையின் ஈ.சி.ஏ.வை இணைக்க மறந்திருந்தால் முதலாவது நடக்கலாம். அப்போது கட்டிய பணம் திரும்ப வரும், மறுக்கப்பட்டவர் என்ற பதிவும் விழாது. அது உங்கள் கதையென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. மறுப்பு என்றால் மேலே படியுங்கள்.

மறுப்புக்கான காரணத்தில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் ஆவணம் சரியாக இருந்தது, அதிகாரி கவனிக்கவில்லை அல்லது தவறாகப் படித்துவிட்டார். இரண்டாவதில் ஆவணமே இல்லை, அல்லது ஐந்து வருட ஆயுள் முடிந்த அறிக்கையை வைத்தீர்கள். மூன்றாவதில் அறிக்கை இருக்கிறது, ஆனால் அது சொல்வதும் நீங்கள் கேட்ட புள்ளியும் வேறு: நீங்கள் முதுகலை என்று போட்டிருப்பீர்கள், அறிக்கை இளங்கலைக்குச் சமம் என்று முடித்திருக்கும். இந்த மூன்றாவதுதான் மனத்தை அதிகம் அறுக்கும், ஏனென்றால் வித்தியாசம் பெரும்பாலும் 2 புள்ளிதான். முதுகலைக்கு 10, இளங்கலைக்கு 8, இரண்டு பட்டங்கள் சேர்ந்தால் 9. எது உங்கள் வகை என்று தெரியாமல் வழி தேடக் கூடாது. அதிகாரியின் உள்குறிப்புகளைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டிக் கேட்கலாம். அவர் எந்தக் கட்டத்தில் எத்தனை புள்ளி வெட்டினார் என்று அதில் இருக்கும்.

முதல் வழி, மறுபரிசீலனைக் கடிதம். செலவு கிட்டத்தட்ட இல்லை. குடிவரவுத் துறையின் இணையப் படிவத்தில் எழுதி, ஆவணத்தை இணைத்து அனுப்பலாம். 'அதிகாரி ஒருமுறை முடிவு செய்துவிட்டால் மாற்ற முடியாது' என்று சில ஏஜென்ட்கள் இன்னும் சொல்கிறார்கள். அது தவறு. மனிதநேய அடிப்படையிலான ஒரு வழக்கில், முடிவைத் திரும்பப் பார்க்கும் அதிகாரம் அதிகாரிக்கு உண்டு என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. ஆனால் பார்க்கலாம் என்பதற்கும் பார்த்தே ஆக வேண்டும் என்பதற்கும் நடுவே பெரிய பள்ளம். பதில் ஒரு வரியில் வரலாம், வராமலே போகலாம். முதல் வகைக்கு இது நல்ல வழி: 'அறிக்கை இந்தப் பெயரில் ஏற்றப்பட்டது, தேதி இது, கடைசிப் பக்கத்தில் முதுகலை என்று இருக்கிறது' என அரைப் பக்கத்தில் முடித்துவிடலாம். இரண்டாவது, மூன்றாவது வகைக்கு இதில் நேரம்தான் போகும். புதிதாக வாங்கிய ஈ.சி.ஏ.வை இப்போது அனுப்பினாலும், அழைப்பு வந்த நாளில் அது உங்களிடம் இல்லையே.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மறுபரிசீலனைக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கும்போது நீதிமன்றக் கெடு நிற்காது. கனடாவுக்கு வெளியே எடுத்த முடிவென்றால் அது தெரியவந்த நாளிலிருந்து 60 நாள், உள்ளே எடுத்த முடிவென்றால் 15 நாள். பதிலுக்குக் காத்திருந்தே கெடுவைத் தாண்டிவிட்டு, பிறகு தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு மனுப் போட வேண்டிய நிலை வரலாம்.

அப்புறம் நீதிமன்றம். திறன் அடிப்படை விண்ணப்பத்துக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கிடையாது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு மட்டுமே. மனுக் கட்டணம் 50 டாலர், வழக்கறிஞர் கட்டணம் ஆயிரக்கணக்கில். முதலில் அனுமதி வாங்க வேண்டும், அனுமதி கிடைத்தால்தான் விசாரணை. ஜெயித்தாலும் நீதிபதி விசா தரமாட்டார். கோப்பு வேறோர் அதிகாரியிடம் திரும்பும், அவ்வளவுதான். நீதிபதி கேட்பது நீங்கள் சொல்வது சரியா அதிகாரி சொல்வது சரியா என்றில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய அளவுகோல்படி, அதிகாரியின் முடிவு நியாயமான காரணத்தோடு நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பார். 'ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அனுப்பியிருப்போமே' என்ற வாதத்துக்கும் அங்கே பெரிய மதிப்பில்லை. விதியே கேட்கும் ஆவணத்தை வைப்பது விண்ணப்பதாரர் பொறுப்பு, அதை நினைவூட்டி அதிகாரி கடிதம் போட வேண்டியதில்லை என்பது அங்கே பழகிப்போன நிலைப்பாடு.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்த வழிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஜெயித்தால் பழைய கோப்பு உயிரோடு வரும், பழைய அழைப்பும் பழைய கட் ஆஃபும் சேர்ந்தே வரும். அன்று 29 வயதில் அழைப்பு வாங்கியவர் இன்று 33 என்றால், புதிதாகப் போட்டால் வயதில் மட்டும் 20 புள்ளி இழப்பு. அப்படிப்பட்டவருக்கு, ஆவணமும் சரியாக இருந்ததென்றால், நீதிமன்றச் செலவு வீண் இல்லை.

புதிதாக விண்ணப்பிப்பது மூன்றாவது வழி. கேட்கவே அலுப்பாக இருக்கும். 2024 ஏப்ரல் 30-இல் நடப்புக்கு வந்த கட்டணப்படி ஆளுக்கு 950 டாலர் பரிசீலனைக் கட்டணம், 575 டாலர் நிரந்தரக் குடியுரிமைக் கட்டணம். மறுத்தால் 575 திரும்பும், 950 திரும்பாது. தம்பதிக்கு 1,900 டாலர் போனது போனதுதான். மொழித் தேர்வு முடிவின் ஆயுள் இரண்டே வருடம், அதையும் மறுபடி எழுத வேண்டியிருக்கலாம். ஆனால் புது விண்ணப்பத்தில்தான் கணக்கையே மாற்றி எழுத முடியும். பெரும்பாலானோர் அதே கணவர், அதே மனைவி, அதே வரிசை, புது ஈ.சி.ஏ. என்று போட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு தாளை எடுத்து உட்காருங்கள்.

கணக்குக்காக ஒரு ஜோடி. கணவருக்கு 34 வயது, இளங்கலை. மனைவிக்கு 31, முதுகலை. இருவருக்கும் மொழியில் நான்கு பிரிவிலும் சி.எல்.பி. (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 9, வெளிநாட்டில் மூன்று வருடத்துக்கு மேல் திறன் வேலை. கனடா அனுபவம் இல்லை.

கணவர் முதன்மை விண்ணப்பதாரர் என்றால் வயதுக்கு 75, படிப்புக்கு 112, மொழிக்கு 116, படிப்பும் வேலை அனுபவமும் மொழியோடு சேர்வதற்கான சேர்க்கைப் புள்ளிகள் 75, ஆக 378. மனைவியின் மொழிக்கு 20, படிப்புக்கு 10. மொத்தம் 408. மனைவியின் ஈ.சி.ஏ. செல்லாமல் போனால் 398. இதில் ஒரு வேடிக்கை: அதே கணவர் மனைவியை உடன் வராதவராகக் காட்டி, துணை இல்லாதவருக்குச் சற்றுக் கூடுதல் புள்ளி தரும் தனி ஆள் அட்டவணையில் போட்டால் 402. அதாவது ஈ.சி.ஏ. இல்லாத மனைவியைச் சேர்ப்பதால் நான்கு புள்ளி நஷ்டம்!

இப்போது ஆளை மாற்றிப் போடுங்கள். மனைவி முதன்மை: வயதுக்கு 90, படிப்புக்கு 126, மொழிக்கு 116, சேர்க்கைப் புள்ளிகள் முழு 100, ஆக 432. கணவரின் மொழிக்கு 20, இளங்கலைக்கு 8. மொத்தம் 460. அதே இரண்டு பேர், அதே சான்றிதழ்கள், 52 புள்ளி கூடுதல். பத்துப் புள்ளிக்காக நீதிமன்றம் வரை யோசித்தவர்கள் இந்த ஐம்பத்திரண்டைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் கணக்கில் இல்லை. கணவர் பெயரில்தான் விண்ணப்பம் என்று யாரோ முதல் நாளே முடிவு செய்திருப்பார்கள், அவ்வளவுதான்.

460 வந்துவிட்டது என்று கொண்டாடவும் வேண்டாம். 2025 மார்ச் 25 முதல் வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான புள்ளிகள் எடுக்கப்பட்டுவிட்டன, அதனால் ஒவ்வொரு பத்துக்கும் எடை கூடியிருக்கிறது. ஒரு மாகாணமே உங்களைத் தேர்ந்தெடுக்கும் மாகாண நியமனத்துக்கு 600 புள்ளி; பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான தனிச் சுற்றில் கட் ஆஃப் 400-க்கும் கீழே இறங்கியிருக்கிறது, 2025 மார்ச்சில் 379 வரை. ஜோடியில் ஒருவருக்குப் புது மொழி எளிதாக வரும் என்றால், ஈ.சி.ஏ. சண்டையில் செலவழிக்கும் மாதங்களைப் பிரெஞ்சு வகுப்பில் செலவழிப்பது லாபம்.

துணையை 'உடன் வராதவர்' என்று காட்டும் வழியைப் பலரும் ரகசியம் போலச் சொல்கிறார்கள். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் நம் ஜோடியில் மனைவி முதன்மை என்றால் அது 458 தருகிறது, சேர்ந்து போனால் 460. இரண்டு புள்ளி குறைத்துக்கொண்டு பிரிந்து போவதில் அர்த்தமில்லை. துணைக்கு ஈ.சி.ஏ.வோ மொழித் தேர்வோ இல்லை என்றால்தான் அது கணக்கில் நிற்கும். அப்போதும் துணையின் பெயரை எழுதியாக வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் செய்தாக வேண்டும். பரிசோதிக்கப்படாத துணையைப் பின்னால் ஸ்பான்சர் செய்ய விதிகள் தடுக்கின்றன. ஒரே வீட்டில் வாழும் தம்பதியில் ஒருவர் மட்டும் ஏன் வருகிறார் என்று அதிகாரி கேட்டால் நேர்மையான பதிலும் கையில் இருக்க வேண்டும்.

பழைய கட்டுரைகளைப் படித்துக் குழம்ப வேண்டாம் என்பதற்காக ஒன்று: விண்ணப்பிக்கவே தகுதி உண்டா என்று முதலில் பார்க்கும் 67 புள்ளித் தகுதி அட்டவணையில் துணையின் படிப்புக்கு 3 முதல் 5 வரை கொடுத்தது 2013 மே 4-க்கு முந்தைய கதை. இன்று அந்த அட்டவணையில் துணையின் மொழிக்கும், கனடாவில் படித்த அல்லது வேலை பார்த்த அனுபவத்துக்கும்தான் புள்ளி. வெளிநாட்டுப் பட்டத்துக்கு இல்லை. பத்துப் புள்ளி இருப்பது நாம் இதுவரை கணக்குப் போட்ட 1,200 புள்ளித் தரவரிசை அட்டவணையில் மட்டும்.

என்னைக் கேட்டால் வரிசை இப்படி. ஆவணம் அந்த இரண்டு நாளும் சரியாக இருந்தது என்றால் முதல் வாரமே மறுபரிசீலனைக் கடிதம். பதில் வந்தாலும் வராவிட்டாலும், கெடு 60 நாள் என்றால் அது முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே, 15 நாள் என்றால் உடனேயே வழக்கறிஞரிடம் கோப்பு. ஆவணம் இல்லை, பழையது, அல்லது அறிக்கை வேறு சொல்கிறது என்றால் அன்றைக்கே புது புரொஃபைல், இருவர் பெயரிலும் ஆளுக்கொன்று. அழைப்பு எது முதலில் வருகிறதோ வரட்டும். வந்த பிறகு பிழை கண்ணில் பட்டால், திருத்திய புள்ளி கட் ஆஃபுக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். போனால் அழைப்பை மறுத்துவிட்டு, அழைப்புக்குக் காத்திருப்போர் பட்டியலுக்கே திரும்பலாம், அதற்குத் தண்டனை இல்லை.

புது விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும்: இதற்கு முன் எந்த நாட்டிலாவது விசாவோ நிரந்தரக் குடியுரிமையோ மறுக்கப்பட்டதா? 'ஆம்' என்று போட்டு, தேதியையும், துணையின் கல்விப் புள்ளியால் 11.2 பிரிவில் மறுக்கப்பட்டது என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள். 'இல்லை' என்று போட்டு மாட்டினால் தவறான தகவல் என்று 40-ஆம் பிரிவு, ஐந்து வருடத் தடை.