பெரிய சௌனாவுக்கு மரம் எடுப்பது: குற்றாலம் பக்கம் சில வருஷப் பயன்பாட்டில் கண்டது

திருநெல்வேலிச் சீமையில் மரம் எடுக்கப் போனால் முதலில் பலகையைத் தூக்கிப் பார்ப்போம். கனமாக இருந்தால் மனசு நிறைந்துவிடும். வைரம் பாய்ந்த பனங்கையும் தேக்குத் தூணும் வேங்கைக் கட்டிலும் பார்த்துப் பழகிய கை. வாசல் நிலைக்கும் கதவுக்கும் அந்தக் கைக்கணக்கு சரிதான். உட்கார்ந்து வியர்ப்பதற்கென்று மரத்தால் அடைத்துச் சூடேற்றும் அறையான சௌனாவுக்குள் அது அப்படியே தலைகீழாகிவிடும். அங்கே உட்காரும் பலகை எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி முடிவுகள் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் எங்கள் குடும்பம் ஒரு சிறு தங்கும் விடுதி நடத்துகிறது. அங்கே 12 பேர் ஒன்றாக உட்காரும் அளவில் சௌனா கட்டி, சில வருஷமாக ஓட்டுகிறோம். அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 7 அடி உயரம். சுமார் 24 கன மீட்டர். கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது பொதுக் கணக்கு என்பதால் 12 கிலோவாட் ஹீட்டர் இரண்டு, மூன்று பேஸ் லைனில். இரண்டு பேர் உட்காரும் ரெடிமேட் பெட்டிச் சௌனாவைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. அதில் மரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தெரியாது. பெஞ்சும் சுவரும் நீண்டு, தலைக்கு மேல் மரக்கூரையும் விரிந்துவிட்டால் மரத்தின் ஒவ்வொரு குணமும் வெளியே வந்துவிடும்.

மேல் பெஞ்சில் 80, 90 டிகிரி சூடு நிற்கும். ஹீட்டர் மேல் அடுக்கிய கல்லில் தண்ணீர் ஊற்றும்போது ஆவி குப்பென்று எழுந்து கூரையில் முட்டி இறங்கும். அந்தச் சூட்டில் வெறும் தொடை பலகையில் பட்டும் சுடாமல் இருக்கிறது என்றால், காரணம் மரத்துக்குள் இருக்கும் காற்றறைகள். அடுப்பில் இருக்கும் இரும்பு வாணலியின் காதைத் தொட முடியாது, அதன் மரப்பிடியைப் பிடித்துக் கிளறலாம், அதே சங்கதிதான். லேசான மரத்தில் காற்று அதிகம், ஆகவே தோலுக்குச் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேற்கத்திய சிவப்பு செடார் கன மீட்டருக்கு ஏறக்குறைய 370 கிலோ. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் அபாச்சியும் அதே பக்கம்தான். தேக்கு 650 கிலோ, வேங்கை 800 பக்கம் போகும். தேக்கில் பெஞ்ச் போட்ட ஒரு இடத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன். துண்டு விலகின இடத்தில் சுருக்கென்று பிடித்தது. தேக்கு மோசமான மரம் என்று சொல்ல வரவில்லை. அதன் இடம் அது இல்லை.

எங்கள் ஆசாரிக்கு இது ஒப்பவே இல்லை. அபாச்சிப் பலகையை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டி, "அண்ணாச்சி, இது மரமா? செல்லு அரிச்சது மாதிரில்லா இருக்கு!" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் அறையை முடித்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர் சுவருக்கும் கூரைக்கும் பைன் பலகை அடித்திருந்தார். பார்க்க அழகு. இளமஞ்சள் பலகையில் பொட்டு வைத்த மாதிரி, கிளை முளைத்த இடத்து முடிச்சுகள் கண்ணு கண்ணாக இருந்தன. ஓட ஆரம்பித்த சில மாதத்தில் அந்தக் கண்ணுகள் பிசின் விட்டன. மேல் பெஞ்சுக்கு நேர் மேலே இருந்த ஒரு கண்ணில் தேன் நிறத்தில் ஒரு முத்து திரண்டு, சூடு ஏற ஏறப் பளபளத்து நீண்டு, கீழே இருந்தவர் தோளில் விழுந்தது. சூடான பிசின், தோலில் ஒட்டினால் துடைக்கவும் வராது. பைனைச் சூளையில் உலர்த்தும்போது பிசின் ஒரு அளவுக்கு இறுகும். ஆனால் உலர்த்திய சூட்டைவிட அறையின் சூடு கூடினால் மறுபடி இளகிவிடும். கண்ணு சுற்றியுள்ள மரத்தைவிட அடர்த்தி என்பதால் சூட்டையும் கூடுதலாகப் பிடித்துவைக்கும். கூரையை முழுக்கக் கழற்றினோம்.

தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் நம் பகுதியில் பைன் மலிவாகக் கிடைக்கிறது. அதில் பேக்கிங் பெட்டி உடைத்த பலகையும் கலந்து வரும். பெட்டிப் பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்டி என்று இருந்தால் சூடு காட்டிப் பூச்சி நீக்கியது. எம்பி என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. இரண்டுமே சௌனாவுக்கு வேண்டாம். அதில் முன்பு என்ன ஏற்றினார்கள், என்ன கொட்டியது என்று யாருக்கும் தெரியாது. கரையானுக்காக மருந்து ஏற்றிய பலகை, பிளைவுட், மரநாரைப் பசையில் அழுத்திய எம்டிஎஃப் எதுவும் உள்ளே வரக்கூடாது. பிளைவுட் பசையிலிருந்து சூட்டில் ஃபார்மால்டிஹைடு என்கிற நச்சு வாயு கிளம்பும். கதவைச் சாத்தி, வியர்த்து, ஆழமாக மூச்சிழுக்கிற அறை அது. இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அதற்குப் பிறகு மரம் எடுக்குமுன் ஒரு சோதனை வைத்துக்கொண்டோம். செங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் டிப்போக்காரர்களிடம் ஒரு சாண் துண்டுகள் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, தென்காசியில் தெரிந்த பேக்கரிக்காரரிடம் கொடுத்தோம். ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் மிச்சம் நிற்கிற சூட்டில், நூறு டிகிரி பக்கம், துண்டுகளை இரண்டு மூன்று மணி நேரம் அடுக்கி வைத்தார். வெளியே எடுத்ததும் பைனில் பிசின் முத்து. ஒரு தேவதாரு துண்டில் எண்ணெய் கசிந்து கறை, வாசமும் தலைக்கு ஏறுகிற மாதிரி. ஈரம் சரியாகக் காயாத ஒரு துண்டு நுனியில் வெடித்திருந்தது. செடாரும் அபாச்சியும் போட்டபடியே இருந்தன. பெரிய அறைக்கு மரம் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கண்டிப்பாகச் செய்து பாருங்கள். கேட்லாக் படமும் வியாபாரியின் வாக்கும் காட்டாததை அடுப்பு காட்டும்.

இப்போது எங்கள் அறையில் சுவரும் கூரையும் செடார், மேல் பெஞ்ச் அபாச்சி, கீழ்ப் பெஞ்ச் நம் ஊர்க் குமிழ்.

செடாரின் வாசம் பலருக்குப் பிடிக்கும், சிலருக்குத் தலைவலி. அறை சூடேறி ஒரு வருஷம் போனால் வாசம் தணிந்துவிடும். இழைக்கும்போதுதான் கவனம் வேண்டும். அதன் தூளில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் மூச்சுக்குழாயைப் பிடிக்கும்; மர வேலை செய்பவர்களுக்கு ஆஸ்துமா வருவதற்கு அறியப்பட்ட காரணம் அது. எங்கள் ஆசாரி முதல் நாளே இருமினார், மறுநாளிலிருந்து முகக்கவசம் இல்லாமல் இழைப்புளியைத் தொட விடவில்லை.

அபாச்சியில் கண்ணும் பிசினும் கிடையாது. உட்கார்ந்தால் சூடு உறுத்தாது. குறை, வெளிர் நிறம் என்பதால் வியர்வைக் கறை சீக்கிரம் தெரியும். நீலக்கறை என்கிற பூஞ்சையும் எளிதில் பிடிக்கும். வாங்கும்போதே நீலம் ஓடிய பலகையை ஒதுக்கிவிட வேண்டும்.

குமிழ் எங்கள் சொந்த முயற்சி. செடாரைவிடக் கொஞ்சம் கனம், தேக்கைவிட நன்றாக லேசு. காய்ந்த பிறகு அவ்வளவாக முறுக்காத மரம். கீழ்ப் பெஞ்சில் சூடு குறைவு, அங்கே இதுவரை ஒரு பலகையும் மாற்றவில்லை. மேல் பெஞ்சுக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பின்லாந்துக்காரர்களின் சௌனாப் பழக்கத்தை 2020இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் பெஞ்சுக்கு ஆஸ்பென், ஆல்டர் என்று தங்கள் காட்டில் கிடைக்கும் லேசான அகல இலை மரங்களைத்தான் அதிகம் போடுகிறார்கள். 200 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த தெர்மோ மரமும் அங்கிருந்து வந்ததுதான். ஈரம் அதிகம் குடிக்காது, காபி நிறத்தில் நன்றாக இருக்கும், ஆனால் நொறுங்கும் குணம் உண்டு. முன்துளை போடாமல் திருகினால் பிளந்துவிடும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு தொந்தரவு இருக்கிறது, சாரல். ஜூன், ஜூலையில் துணியே காயாத ஊரில் மரம் எப்படிக் காய்ந்து நிற்கும்? அறை அணைந்திருக்கும் நேரத்தில் பலகை ஈரத்தைக் குடித்து அகலும், மூட்டினால் சுருங்கும். சீசன் நாளில் இந்த ஏற்ற இறக்கம் தினமும் நடக்கிறது. மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம்; அகலவாக்கில்தான் ஆடும். அதனால் சுவருக்கு 6 அங்குலப் பலகையைத் தவிர்த்து 4 அங்குலமாக எடுத்தோம், ஒன்றின் நாக்கு அடுத்ததின் பள்ளத்தில் இறங்கும் டங் அண்ட் குரூவ் இணைப்பு. மூலையில் விரல் நுழைகிற இடைவெளி விட்டு, பட்டி வைத்து மறைத்தோம். பலகையின் நுனியில் வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்கும்படி அறுத்ததாகப் பார்த்து எடுங்கள். கோடு படுத்துக் கிடக்கிற பலகை சீக்கிரம் குழியும். வாங்கும்போது ஈரமானி கையில் இருக்கட்டும். 8 முதல் 12 சதவீதத்துக்குள் காட்டாத லாட்டை, எவ்வளவு விலை குறைத்தாலும், வண்டியில் ஏற்ற வேண்டாம்.

பலகைக்குப் பின்னால் அலுமினியத் தாள், அதற்குப் பின்னால் சூட்டைத் தடுக்க ராக்வுல் என்கிற பாறை நார். தெர்மகோல் வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், 80 டிகிரி தாண்டினால் அது இளகிவிடும்.

பெஞ்ச் 12 அடி நீளம் என்பதால் இரண்டு அடிக்கு ஒரு தாங்குசட்டம். பலகைத் தடிமன் 28 மில்லிமீட்டர், நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. திருகாணி எல்லாம் அடியிலிருந்து, 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மேலே ஒரே ஒரு திருகாணித் தலை தெரிந்தாலும் சுட்டுவிடும். சாதா இரும்பு ஆணி செடாரின் சத்தோடு சேர்ந்து கருநீலக் கோடாக வழியும், எத்தனை தேய்த்தாலும் போகாது.

ஆசாரி செல்லு என்று சொன்னதில் இருந்த நியாயம் கரையான். அபாச்சியையும், ஹெம்லாக் என்கிற ஊசியிலை மரத்தையும் கரையான் விட்டு வைக்காது. ஆகவே அறையை ஒரு அடி உயரக் கான்கிரீட் மேடையில் ஏற்றி, மருந்தடிப்பை மண்ணோடு நிறுத்திக்கொண்டு, மறைவில் இருக்கும் சட்டங்களுக்கு முழு வைரத் தேக்கு போட்டோம், வெள்ளை ஒட்டாமல். கனமான நம் ஊர் மரத்துக்கு அதுதான் சரியான இடம், யார் உடம்பும் படாமல் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கலாம். சுவரின் அடி 4 அங்குலம் மரமே கிடையாது, டைல்ஸ்தான்.

பராமரிப்பில் என்னை அதிகம் படுத்துவது எண்ணெய். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அருவிக்குப் போவார்கள். சிலர் நேராகச் சௌனாவுக்குள் வந்துவிடுவார்கள். நல்லெண்ணெய் சூட்டில் மரத்துக்குள் இறங்கினால் கறுத்து, சில வாரத்தில் காறல் வாடை வீசும். இப்போது வாசலிலேயே சீயக்காய் வைத்திருக்கிறோம். தேய்த்துக் குளித்து, ஈரிழைத் துண்டு விரித்துத்தான் உட்கார வேண்டும், பெரியவர் சின்னவர் என்ற பேதம் இல்லை. கோபித்துக்கொண்டு திரும்பிப் போனவர்களும் உண்டு. போகட்டும், பெஞ்ச் அடுத்து வருகிறவருக்கும் வேண்டும்.

வார்னிஷ், பாலிஷ் எதுவும் பூசுவதில்லை. வாரம் ஒருமுறை வெந்நீரும் மிதமான சோப்பும், மென்மையான பிரஷ். பெஞ்சைத் துண்டு துண்டாகத் தூக்கும்படி செய்திருப்பதால் அடியிலும் கழுவ முடிகிறது. சீசன் முடிந்ததும் 120 எண் உப்புத்தாளால் ரேகை போகிற திசையில் லேசாகத் தேய்த்தால் அபாச்சி மறுபடி வெளுத்துவிடும். கடைசி ஆள் வெளியே வந்த பிறகு கதவைத் திறந்து வைத்து, ஹீட்டரை இன்னும் அரை மணி நேரம் ஓட விடுகிறோம். சாரல் மாதங்களில் பூஞ்சை வராமல் காப்பது அதுதான். கல்லில் ஊற்றுவதற்கு உப்பு இல்லாத தண்ணீர் வேண்டும். போர்வெல் தண்ணீர் தெறித்த பலகையில் வெள்ளைப் புள்ளி படிந்துபோகும்.

வாங்கும்போது ஒரே லாட்டில் பத்துக்கு ஒரு பலகை கூடுதலாக எடுத்துவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்து அதே நிறமும் அதே ரேகையும் கேட்டால் டிப்போவில் கிடைக்காது. காற்றோட்டமான அறையில், பலகைக்குப் பலகை குச்சி கொடுத்து, தரையிலிருந்து முழ உயரத்தில் அடுக்கி வையுங்கள். எங்களிடம் அப்படி வைத்ததில் இன்னும் ஏழெட்டுச் செடார் பலகை கிடக்கிறது. கதவுக்கு மேல் ஆவி அதிகம் முட்டுகிற இடத்தில் இரண்டு பலகை கறுத்திருப்பதால், இந்தப் பங்குனியில் அவற்றைக் கழற்றி இதில் இரண்டை ஏற்றப் போகிறோம்.