பழைய லேப்டாப்புக்கு எது: மின்ட்டா, உபுண்டுவா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் ப்ராசஸரில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏறக்குறைய எதையும் ஏற்பதில்லை. ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பைக் காயலான் கடைக்கு அனுப்ப ஹார்டுவேரில் ஒரு காரணமும் கிடையாது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஓஎஸ்ஸான (இயங்குதளமான) லினக்ஸைத் தொட்டே பார்க்காதவர்கள் இப்போது அதை யோசிக்க இதுதான் பெரிய காரணம். காசு கொடுக்க வேண்டாம் என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

லினக்ஸில் பல வகை உண்டு, புதியவர்களுக்குச் சிபாரிசு செய்யப்படும் பெயர்களும் ஏராளம். ஆனாலும் தேர்வு பெரும்பாலும் இரண்டுக்குள் வந்து நிற்கும்: உபுண்டு 24.04, அதையே அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22. இரண்டுக்கும் 2029 வரை அப்டேட் உண்டு. உள்ளே ஓடுவது கிட்டத்தட்ட ஒரே சரக்கு. மேலே போர்த்தியிருப்பதுதான் வேறு.

மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப்பில் கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் 7 பழகிய கைக்கு ஐந்து நிமிடம் போதும். உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோம் வேறு மாதிரி: ஐகான் வரிசை இடப்பக்கம் நிற்கும், டெஸ்க்டாப்பில் ஃபைல்களைப் பரப்பி வைக்கும் பழக்கத்துக்கு அங்கே அவ்வளவு மரியாதை இல்லை. டச்பேட் சைகைகளிலும், வெவ்வேறு ரெசல்யூஷன் உள்ள இரண்டு மானிட்டர்களைக் கையாள்வதிலும் உபுண்டு ஒரு படி மேல்.

ரேமில் மின்ட் 2 ஜிபியைக் குறைந்தபட்சமாகவும் 4 ஜிபியை வசதியான அளவாகவும் சொல்கிறது. உபுண்டு 4 ஜிபியில்தான் தொடங்குகிறது. 4 ஜிபிதான் இருக்கிறதென்றால் சின்னமனைக்கூட விட்டுவிட்டு மின்ட்டின் இன்னும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் பதிப்பை எடுங்கள். அப்போதும் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் திணறத்தான் செய்யும். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போடுவது எந்த ஓஎஸ் மாற்றத்தையும்விட அதிக வேகம் தரும்.

உபுண்டுவில் புதியவர் முதலில் இடறுவது இன்ஸ்டாலரில். அதன் இயல்பான தேர்வு குறைந்தபட்சத் தொகுப்பு. அதில் லிப்ரே ஆஃபிஸ் வராது. ‘வேர்டு மாதிரி ஒன்றையும் காணோமே’ என்று தேடாமலிருக்க, விரிவான தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை, கிராஃபிக்ஸ் டிரைவருக்கும் வீடியோக்களை ஓடவைக்கும் கோடெக்குக்குமான இரண்டு பெட்டிகளையும் டிக் செய்துவிடுங்கள். மின்ட்டில் லிப்ரே ஆஃபிஸ் கூடவே வரும். கோடெக்குக்கு ஒரே ஒரு டிக்.

இன்னொன்று ஸ்னாப், உபுண்டு மென்பொருள்களைப் பொதியாக்கித் தரும் முறை. உபுண்டு தன் ஃபயர்ஃபாக்ஸை ஸ்னாப் பொதியாகத் தருவதால், ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் முதல் முறை திறக்கும்போது கணிசமாகத் தாமதமாகும். மின்ட் ஸ்னாப்பை முடக்கிவைத்து, அதே மாதிரியான இன்னொரு முறையான ஃபிளாட்பேக்கைத் தருகிறது. அதோடு டைம்ஷிஃப்டும் மின்ட்டில் தயாராக இருக்கும். அப்டேட்டுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், ஏதாவது உடைந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். அது சிஸ்டம் ஃபைல்களை மட்டும்தான் காக்கும். உங்கள் போட்டோக்களுக்குத் தனி பேக்கப் வேண்டும்.

புதியவருக்கு மின்ட் என்பதே எங்கள் தேர்வு. கடந்த ஓரிரு ஆண்டில் வெளிவந்த லேப்டாப் என்றால் மட்டும் ஆறு மாதத்துக்கொருமுறை வரும் உபுண்டு பதிப்பைப் பாருங்கள். புது ஹார்டுவேருக்கான கெர்னல் (ஹார்டுவேரை இயக்கும், ஓஎஸ்ஸின் மையப் பகுதி) அதில் சீக்கிரம் கிடைக்கும்.

எங்கள் பேச்சை நம்ப வேண்டியதில்லை, இரண்டையும் ஓட்டியே பார்க்கலாம். 16 ஜிபி பென்டிரைவில், அதிலிருந்தே பூட் செய்ய உதவும் வென்டாய் மென்பொருளைப் போட்டு, இரண்டின் ஐஎஸ்ஓ (நிறுவல்) ஃபைல்களையும் அப்படியே காப்பி செய்யுங்கள் (மின்ட் சுமார் 3 ஜிபி, உபுண்டு சுமார் 6 ஜிபி). பென்டிரைவிலிருந்து பூட் செய்ய டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9. லைவ் மோடில் (கணினியில் நிறுவாமலே ஓட்டும் முறை) வைஃபை, ஒலி, வெப்கேம், பிரைட்னஸ் விசை, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வேகத்தை மட்டும் இதில் எடைபோடாதீர்கள். பென்டிரைவ் மெதுவாகத்தான் ஓடும். பிராட்காம் சிப் உள்ள கணினிகளில் வைஃபை தெரியாமல் போகலாம். போனை யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, டிரைவர் மேனேஜரில் டிரைவரை இறக்கினால் சரியாகிவிடும்.

விண்டோஸையும் வைத்துக்கொள்வதென்றால் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீயை முதலில் எழுதி வையுங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 60 ஜிபியாவது ஒதுக்கி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அணைக்காவிட்டால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். அதன் டிரைவில் லினக்ஸால் எழுத முடியாது. இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லையென்றால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) சாட்டா மோடு, அதாவது டிஸ்க்கோடு பேசும் முறை, ரெய்டில் இருக்கக்கூடும். அவசரப்பட்டு ஏஎச்சிஐக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். விண்டோஸை சேஃப் மோடுக்குத் தயார்செய்த பிறகே மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்தபின் விண்டோஸ் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் மிரள வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரமென்று படிக்கிறது.

தமிழ் தட்டச்சில் இரண்டும் சமம்தான், ஒரு பொறியைத் தவிர. கீபோர்டு லேஅவுட் பட்டியலில் தெரியும் தமிழ்நெட் 99-ஐ எடுத்தால், ‘அம்மா’ என்று அடிக்கும்போது நடு ‘ம்’முக்குத் தானாக விழவேண்டிய புள்ளி விழாது. ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுப் பொதியை நிறுவி, லாக்அவுட் செய்து திரும்பி வந்து, அதிலுள்ள தமிழ்99-ஐச் சேர்த்தால் பழகியபடி அடிக்கலாம். அஞ்சல் முறையில் அடிப்பவர்களுக்கும் அங்கேயே ஒலிப்பு முறை இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் ஆங்கிலக் கூளமாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டதென்று அர்த்தமில்லை. எழுத்துருவின் டிடிஎஃப் ஃபைலை இருமுறை கிளிக் செய்து நிறுவினால் தமிழ் வந்துவிடும். விண்டோஸின் யூனிகோடு எழுத்துருவான லதாவில் அடித்தவை தமிழாகவே தெரியும், ஆனால் மாற்று எழுத்துருவின் அகலம் வேறு என்பதால் பக்கங்கள் இடம் மாறும்.

டேலி, ஃபோட்டோஷாப் இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. அதில்தான் பிழைப்பு ஓடுகிறதென்றால் விண்டோஸை அழிக்காதீர்கள். டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பம்) டோக்கன் வைத்திருப்பவர்கள் அதற்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிரின்டரில், எச்பி லேசர்ஜெட் 1020-க்கு எச்பியின் கூடுதல் பிளகின் ஒன்றை இறக்கியாக வேண்டும், அதன்பின் தொந்தரவு இல்லை. நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக இருக்கும் கேனான் எல்பிபி 2900 அப்படியல்ல. அது பேசும் கேப்ட் மொழிக்குத் தனி டிரைவர் தேவை, அதை அமைப்பது புதியவருக்கான வேலையே அல்ல. மின்ட் போட்டாலும் உபுண்டு போட்டாலும் இதே பாடுதான்.