கிணற்று அத்தியா, வேலி இலவமா? இரண்டையும் வைத்திருப்பவனின் அனுபவம்

போடி அடிவாரத்தில் எங்கள் தோட்டத்தில் இரண்டு மரமும் இருக்கின்றன. கிணற்றை ஒட்டி ஒரு நாட்டு அத்தி, கிழக்கு வேலியோரம் வரிசையாக இலவம். தேனிப் பக்கம் மனை வாங்கியிருக்கும் என் பள்ளித் தோழர் போன வாரம் கேட்டார்: "பின்பக்கம் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கு. எதை வைக்கலாம்?" அவர் கேட்ட நேரம், கிணற்றுக் கல்கட்டைப் பிரித்துத் திரும்பக் கட்டிய கொத்தனாருக்குக் கணக்குத் தீர்த்துவிட்டு உட்கார்ந்திருந்த நேரம். அந்தக் கோபம் இதில் தெரியத்தான் செய்யும். முடிந்தவரை நியாயமாகச் சொல்கிறேன்.

நான் சொல்லும் இலவம் வெளிர் பூ பூக்கும் பஞ்சு மரம். சிவப்பாகப் பூக்கும் முள்ளிலவு வேறு. அத்தியும் கடையில் உலர்த்தி விற்கும் சீமை அத்தி இல்லை, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நம்ம ஊர் அத்தி.

வளர்ப்பதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டும் விதையிலும் வரும், போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டாலும் பிழைக்கும். கன்றாக இருக்கும்போது ஆடு மாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இலவத்துக்குத் தண்ணீர் தேங்கக் கூடாது. அத்திக்கு ஈரம் எவ்வளவு இருந்தாலும் சந்தோஷம்தான். அதனால்தான் அது ஓடைக்கரையையும் கிணற்றோரத்தையும் தேடிப் போகிறது. எங்கள் அத்தியை யாரும் நடவில்லை. பறவை போட்ட எச்சத்தில் கிணற்றுக் கல் இடுக்கில் முளைத்தது என்று அப்பா சொல்வார்.

தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. அத்தி வருடத்துக்கு ஒரு தடவை காய்த்து ஓய்கிற மரம் இல்லை. ஒரு காய்ப்பு முடிந்து கொஞ்ச நாளில் அடுத்த காய்ப்பு வந்துவிடும். பழுத்ததெல்லாம் பொலபொலவென்று உதிரும். தரையில் விழுந்தது நசுங்கிக் கூழாகி, வெயில் ஏற ஏறப் புளித்த வாடை அடிக்கும். ஈ, குளவி, எறும்பு எல்லாம் மொய்க்கும். காலையில் கூட்டிச் சுத்தம் செய்தால் மதியத்துக்குள் பழையபடி கிடக்கும். இரவில் வௌவால் வந்து பாதி தின்று பாதி போடும். அதுகூடப் பரவாயில்லை. கிணற்றுக்குள் விழுவதைத்தான் தாங்க முடியவில்லை. மிதக்கிற பழத்தை வலைக்கூடை கட்டி அள்ளலாம்; அடியில் போய் அழுகுவதை என்ன செய்வது? மோட்டாரின் ஃபுட்வால்வில் சக்கை அடைத்துத் தண்ணீர் ஏறாமல் நின்றது எத்தனையோ தடவை. இந்த முறை வேர் கல்கட்டைத் தள்ளி ஒரு பக்கம் பிதுக்கிவிட்டது. வேரை அறுத்து, கல்லை இறக்கி, திரும்ப அடுக்கி... வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பழம் தின்னலாமே என்று கேட்பீர்கள். பிட்டுப் பார்த்தால் உள்ளே பூச்சி இருக்கும். அது கெட்டுப்போனதால் வருவதில்லை. அத்திக்குப் பூ காய்க்குள்ளேதான் இருக்கிறது. காயின் முனையில் உள்ள சின்னத் துளை வழியாகக் குட்டிக் குளவி உள்ளே போய்த்தான் மகரந்தம் சேர வேண்டும். அந்தக் குளவி அங்கேயே முட்டையும் இடும். குளவி இல்லாமல் இந்த மரத்துக்கு விதை இல்லை. தெரிந்தாலும் வாயில் போட மனம் வருவதில்லை. பிஞ்சாகப் பறித்து, இடித்து, புளித்த மோரில் போட்டுத் துவர்ப்பை எடுத்துப் பாசிப்பருப்புக் கூட்டு வைத்தால் மட்டும் அருமையாக இருக்கும்.

சரி, நியாயம் என்று சொன்னேன் அல்லவா? சித்திரை வெயிலில் தோட்டத்தில் உட்கார உருப்படியான நிழல் தருவது அத்திதான். தழையை ஆடுகள் ஓடி வந்து தின்னும். பட்டை வைத்தியத்துக்குப் போகிறது. ஆல், அரசு, அத்தி, இத்தி என்று நான்கு பால்மரப் பட்டையையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். குக்குறுவான், குயில், மைனா, மாங்குயில் எல்லாம் ஒரே மரத்தில் நின்று தின்பதைப் பார்த்தால் வேலை ஓடாது. அவற்றுக்கு அங்கேயே வயிறு நிறைந்துவிடுவதால் கொய்யா பக்கம் சேதம் குறைவு என்பது என் நம்பிக்கை.

மரத்தை விறகுக்குக்கூட விரும்பிக் கேட்பவர் இல்லை, மென்மையான கட்டை. ஆனால் தண்ணீருக்குள் இருந்தால் உழைக்கும். காஞ்சிபுரம் அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்துக்குள் இருந்து 40 வருடத்துக்கு ஒரு முறை வெளியே வருகிறவர். 1979-க்குப் பிறகு 2019-இல் 48 நாள் தரிசனம் தந்தபோது நாங்களும் போய் வரிசையில் நின்றோம். அந்தக் காலத்தில் கிணற்றுக்குள் இறக்கும் சட்டத்துக்கும் அத்திக் கட்டையைத்தான் போடுவார்களாம். அப்படிப்பட்ட மரம் என் கிணற்றைப் பிதுக்கியிருக்கிறது.

இப்போது இலவத்துக்கு வருகிறேன். மார்கழி வாக்கில் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும். அந்த மொட்டைக் கிளையில் பூ. பங்குனி, சித்திரையில் நெத்து, அதாவது முற்றிக் காய்ந்த காய், வெடிக்கும். வெயில் கொளுத்துகிற மாதத்தில் நிழல் கிடையாது, அது பெரிய குறை. இளமரத்தில் கூம்பு கூம்பாக முள். கிளை சுலபமாக முறியும். இந்தப் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காய் பறிக்கத் தொரட்டியோடு ஏறுகிற ஆள் கிடைப்பதும் வரவரக் கஷ்டம். அதனால் நாங்கள் மரத்தோடு வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டுவிடுகிறோம், வீட்டுக்கு வேண்டிய மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு. சில வருடம் விலை ரொம்பக் கீழே போய்விடும்.

ஆனாலும் அந்தப் பஞ்சு! பருத்தி மாதிரி கொட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்காது. நெத்தை உடைத்துக் குச்சியால் அலசினாலே கொட்டை தனியாகக் கீழே இறங்கிவிடும். இழை உள்ளே வெறும் குழல், மேலே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீர் ஒட்டாது. ஒரு காலத்தில் ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகப் போய், உயிர்காப்புச் சட்டைக்குள் அடைக்கப்பட்டது இதே பஞ்சுதான். வழுக்குகிற குட்டை இழை என்பதால் நூலாகத் திரிக்க ஒத்துவராது. தலையணைக்கு இதை மிஞ்ச ஆள் இல்லை. பஞ்சைப் பிரிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, கொசுவலைக்குள் உட்கார்ந்து, மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வீடு முழுக்கப் பஞ்சு, ராத்திரி முழுக்க இருமல். அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். தலையணை நாளடைவில் அமுங்கும். வெயிலில் காயப்போட்டுத் தட்டினால் திரும்ப உப்பிவிடும். ஃபோம் தலையணையில் கழுத்து வேர்த்து எழுந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கொட்டையில் எண்ணெய் எடுக்கிறார்கள், பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகிறது.

ஆக, நிழல், தழை, பறவை, கூட்டு என்று கூட்டிப் பார்த்தால் அத்திக்குத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். தெரிந்தேதான் சொன்னேன். இருந்தும் தோழருக்கு என் பதில் இலவம். அவர் மனையில் போர்வெல்லும் தொட்டியும் பின்பக்கம்தான் இருக்கின்றன. அந்தப் பக்கம் அத்தியை அண்ட விடக் கூடாது. இலவத்தையும் சுவரோரம் வைக்காமல், கிளை முறிந்தால் கூரையில் விழாத தூரத்தில், மூலையில் வைக்கட்டும்.

"அப்போ உங்க அத்தியை வெட்டப் போறீங்களா?" என்று கேட்டார். வெட்ட மாட்டேன். கிணற்றின் மேல் இரும்புச் சட்டம் அடித்து வலை போடச் சொல்லியிருக்கிறேன். கன்று வேண்டுமென்றால் ஆனியில் முதல் மழை விழுந்ததும் அவர் வரட்டும். இலவம் விதை போட்டிருக்கிறேன். போத்தைவிட விதைக் கன்றுக்கு ஆணிவேர் நன்றாக இறங்கும், ஆடிக்காற்றுக்கு அதுதான் நல்லது.