சென்னை நெரிசலில் ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப்: ஐந்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

போரூரில் வீடு, பெருங்குடியில் வேலை. 2021 ஜனவரியில் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் காரில், கத்திப்பாரா, கிண்டி, மத்திய கைலாஷ் வழியாக ராஜீவ் காந்தி சாலையைப் பிடிப்பதே என் அன்றாடப் பயணம். மேனுவல் கியர் வண்டியான இதில், சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணைந்து, கிளம்பும்போது தானாக உயிர்பெறும் ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உண்டு. வாங்கிய புதிதில் இதை உடனே அணைத்துவிடச் சொன்ன நண்பர்களே அதிகம். ஐந்தாண்டுகளாக நான் இதை அணைத்தும் இயக்கியும் ஓட்டிப் பார்த்துவிட்டதால், யாருக்கு எப்போது இது உதவும், எப்போது உபத்திரவமாகும் என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மேனுவல் வண்டியில் இந்த வசதி வேலை செய்வது ஓட்டுநரின் கால் பழக்கத்தைப் பொறுத்தது என்பதுதான். வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்ச்சிலிருந்து காலை முழுவதுமாக எடுத்தால் மட்டுமே என்ஜின் அணையும். மறுபடி கிளட்ச்சை மிதித்த கணத்தில் ஸ்டார்ட் ஆகும். நம் ஊரில் பலர் சிக்னலில் முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே காத்திருப்பார்கள். அவர்களுக்கு இந்த வசதி இருப்பதே தெரியாமல் போகும், கிளட்ச் பிளேட்டுக்கும் அது நல்லதல்ல. எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. அதை மாற்றிக்கொள்ள இரண்டு மாதம் பிடித்தது. ஆட்டோமேட்டிக் வண்டியில் நிலைமை வேறு. அங்கே பிரேக்கை அழுத்தமாக மிதித்து வண்டி நின்றாலே என்ஜின் அணைந்துவிடுவதால், நெரிசலில் இரண்டடி நகர்ந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அணைவதும் எழுவதுமாக எரிச்சல் கூடும். என் மைத்துனர் டீசல் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறார். பிரேக்கை மென்மையாகப் பிடித்தால் தன் வண்டியில் என்ஜின் அணையாமல் இருப்பதை அவர் பழக்கத்தில் கண்டுகொண்டு, நெரிசலில் அப்படியே ஓட்டுகிறார்.

இந்த வசதியின் பெரிய குறை என்று நான் கருதுவதை மத்திய கைலாஷ் சிக்னலில்தான் உணர்ந்தேன். அங்கே ஒருநாள் என் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், சிக்னல் பலகையில் 90 என்று நொடி எண் விழுந்ததும் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். எண் 6ஐத் தொட்டதும் ஸ்டார்ட் செய்து, பச்சை விழும்போது கிளம்பத் தயாராக இருந்தார். என் காருக்கு பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, என்ஜின் சூடேறிவிட்டதா, வண்டிக்குள் எத்தனை டிகிரி வெப்பம் என்பதெல்லாம் தெரியும். சிக்னலில் இன்னும் எத்தனை நொடி இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. 4 நொடி மிச்சமிருக்கும்போது போய் நின்றாலும் அணைத்துவிடும், 120 நொடிக்கும் அதே முடிவைத்தான் எடுக்கும். மீண்டும் ஸ்டார்ட் ஆவதற்குச் செலவாகும் பெட்ரோல் சில நொடி ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி என்ஜின் ஓடுவதில்) எரிவதற்குச் சமம் என்பதால், மிகக் குறுகிய நிறுத்தங்களில் சேமிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. எனவே அந்த ஆட்டோக்காரரின் கணக்கை நானே கடைப்பிடிக்கத் தொடங்கினேன்: எண் 20க்குக் கீழே இருந்தால் கிளட்ச்சிலிருந்து காலை எடுப்பதில்லை, மேலே இருந்தால் நியூட்ரல் போட்டுக் காலை எடுத்துவிடுவேன். இந்த ஒரு பழக்கத்துக்குப் பிறகு எரிச்சல் பெருமளவு குறைந்தது.

அடுத்தது ஏசி. சென்னையில் இதைப் பற்றிப் பேசாமல் இந்த வசதியைப் பற்றிப் பேச முடியாது. என் வண்டியைப் போன்ற பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் ஏசி கம்ப்ரசரை பெல்ட் வழியாகச் சுழற்றுவது என்ஜின்தான். என்ஜின் நின்றால் கம்ப்ரசரும் நின்றுவிடும். ப்ளோயர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். முதல் அரை நிமிடம் வித்தியாசம் தெரியாது. பிறகு காற்றில் குளிர்ச்சி குறைந்து ஈரம் ஏறும். குளிர்ச்சுருளில் படிந்திருந்த நீர் ஆவியாகி, துவைத்த துணியை மூடி வைத்ததுபோன்ற ஒரு வாடை முகத்தில் அடிக்கும். வண்டி பழுதாகிவிட்டதோ என்று என் அம்மா பலமுறை கேட்டிருக்கிறார். ஏசி ஃபில்டரை மாற்றியதும் வாடை ஓரளவு குறைந்தது, முற்றிலும் போகவில்லை. வண்டிக்குள் சூடு ஏறினால் சிக்னலில் நிற்கும்போதே என்ஜின் தானாக எழுந்துகொள்ளும். அக்னி நட்சத்திர நாட்களின் பகல் வேளையில் ஏசிக்குத் தேவை அதிகம் என்பதால், என்ஜின் பெரும்பாலும் அணைவதே இல்லை. மார்கழி, தை மாதங்களின் காலை நேரம்தான் இதற்குச் சரியான பருவம். கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு, ஏசி இல்லாமல் செல்லும் அந்த நாட்களில் ஒவ்வொரு பெரிய சிக்னலிலும் வண்டி அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஓட்டுநர்கள் இந்த வசதியைக் கண்டு பயப்படுவதற்குக் காரணம் உண்டு. ஒருநாள் வடபழனி சிக்னலில் என்ஜின் தானாக அணைந்திருந்தபோது, பின்சீட்டில் இருந்த அம்மாவுக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுக்க சீட் பெல்ட்டைக் கழற்றினேன். பச்சை விழுந்தது, கிளட்ச்சை மிதித்தேன், என்ஜின் எழவில்லை. எச்சரிக்கை ஒலி மட்டும் கேட்டது, பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பெல்ட்டைக் கழற்றினாலோ கதவைத் திறந்தாலோ ஓட்டுநர் இறங்குகிறார் என்று எண்ணி, பாதுகாப்புக்காகத் தானாக ஸ்டார்ட் ஆவதைத் தடுத்துவிடும் ஏற்பாடு அது. அப்போது சாவியைத் திருப்பித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கையேட்டில் இது இருக்கிறது. ஆனால் வண்டியை ஒப்படைத்த ஷோரூமில் யாரும் இதைச் சொல்லவில்லை. ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். திருமணம் ஒன்றுக்குக் காஞ்சிபுரம் செல்ல ஆக்டிங் டிரைவர் ஒருவரை அழைத்திருந்தபோதும் இதே குழப்பம்தான். பூந்தமல்லியில் நின்றதும் "சார், வண்டி ஆஃப் ஆயிடுச்சு" என்று பதறி, சாவியை முழுவதும் அணைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்தார். "இல்லண்ணே, அது தானா நிக்கும், கிளட்ச்சை மிதிங்க, எழுந்துரும்" என்று சொன்ன பிறகே அவருக்கு மூச்சு வந்தது. வேறொருவர் வண்டியை ஓட்டும்போது அது நின்றுபோனால் எவ்வளவு பதற்றம் என்பது ஓட்டுபவருக்குத்தான் தெரியும்.

பேட்டரி விஷயத்தில் நான் ஒரு தவறான செலவு செய்தேன். சிக்னலில் என்ஜின் அணைந்திருக்கும் நேரம் முழுவதும் விளக்கு, ப்ளோயர், பாட்டு எல்லாவற்றுக்கும் பேட்டரிதான் மின்சாரம் தருகிறது. அதன்பின் ஸ்டார்ட்டரையும் சுழற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இருபது, முப்பது முறை இப்படி நடப்பதைத் தாங்கும் இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகை பேட்டரியே இந்த வண்டிகளுக்குப் பொருந்தும். 2024 நடுவில் பேட்டரி போனபோது, ஒரு கடைக்காரர் சாதாரண பேட்டரியே போதும், 2,500 ரூபாய் மிச்சம் என்றார். நானும் நம்பிப் போட்டேன். எட்டு மாதத்தில் அது தளர்ந்துவிட்டது. மறுபடி சரியான வகையை வாங்க வேண்டியதாயிற்று. பேட்டரியில் சார்ஜ் குறைந்தால் வண்டி முதலில் கைவிடுவது ஸ்டார்ட்-ஸ்டாப்பைத்தான். ஆகவே குளிர்ந்த காலையிலும், என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் அது வேலை செய்யாவிட்டால், பேட்டரியைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஸ்டார்ட்டர் மோட்டார் சீக்கிரம் போய்விடும் என்று பலர் சொல்வது என் வண்டியில் நடக்கவில்லை. இதற்கென்றே வலுவாக்கப்பட்ட ஸ்டார்ட்டரைப் பொருத்துகிறார்கள். மேலும் சூடான என்ஜினில் எண்ணெய் ஏற்கெனவே பரவியிருப்பதால், காலையில் செய்யும் குளிர் ஸ்டார்ட் அளவுக்குத் தேய்மானம் இருக்காது. மாருதி சுசுகி 2015இல் சியாஸ் டீசல் காரில் கொண்டுவந்த எஸ்.எச்.வி.எஸ். போன்ற மைல்ட் ஹைப்ரிட் அமைப்புகளில், பெல்ட்டோடு இணைந்த ஸ்டார்ட்டர் ஜெனரேட்டரே என்ஜினை எழுப்புவதால் கரகரப்பும் குலுக்கலும் மிகக் குறைவு. அலுவலக நண்பரின் அத்தகைய காரில் உட்கார்ந்து பார்த்தபோது எப்போது ஸ்டார்ட் ஆனது என்றே தெரியவில்லை. புதிதாக வாங்குவோர் டெஸ்ட் டிரைவில் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

சேமிப்பு எவ்வளவு? என் டேஷ்போர்டு திரை அன்றைய பயணத்தில் என்ஜின் நின்ற நேரத்தைக் காட்டும். ஜனவரியில் போக வர 15 நிமிடம் வரை வந்திருக்கிறது. மே மாதத்தில் 4 நிமிடத்தைத் தாண்டியதில்லை. இந்த அளவு பெட்ரோல் என்ஜின் ஐட்லிங்கில் மணிக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் குடிக்கும் என்று கொண்டால், 15 நிமிடத்துக்கு 190 மில்லி, லிட்டர் நூறு ரூபாய் என்ற கணக்கில் 19 ரூபாய். மாதம் 22 வேலை நாளுக்கு 400 ரூபாய் அளவில் நிற்கும். வெயில் மாதங்களில் அதிகம் போனால் நூறு ரூபாய் அளவுதான். சரியான பேட்டரிக்குக் கொடுக்கும் கூடுதல் விலையைக் கழித்தாலும் லாபம்தான், பெரிய லாபமில்லை. ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. சந்திப்பின் நடுவில் முழு வேலை நேரமும் நின்று அந்தப் புகையைச் சுவாசிப்பவர் போக்குவரத்துக் காவலர். பணத்துக்காக இல்லாவிட்டாலும் அவருக்காக இதை இயக்கி வைப்பதில் எனக்கு முழுச் சம்மதம்.

என் ஒரே கோரிக்கை இந்த வசதியை அணைக்கும் பட்டனைப் பற்றியது. ஒருமுறை அணைத்தால், சாவியை எடுத்து மறுபடி போட்டதும் பழையபடி இயங்கத் தொடங்கிவிடுகிறது. சான்றளிக்கப்பட்ட மைலேஜ் இந்த வசதி இயங்கும் நிலையில் கிடைத்ததாக இருக்கும்போது, நிறுவனங்கள் அதையே இயல்பு நிலையாக வைப்பது புரிகிறது. ஆனாலும் ஓட்டுநர் கடைசியாகத் தேர்ந்ததை வண்டி நினைவில் வைத்திருந்தால், அவர் இதை வெறுக்காமல் பழகுவார் என்பது என் உறுதியான கருத்து.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வண்டியை எடுத்தவுடன் அந்தப் பட்டனை அழுத்தி அணைத்துவிடுங்கள். வேளச்சேரி போன்ற இடங்களில் முழங்கால் தண்ணீரில் வரிசை நின்றுபோனால், அந்த இடத்தில் என்ஜின் அணையவே கூடாது. புகைபோக்கி மூழ்கியிருக்கும்போது அணைந்தால் அதன் வழியே தண்ணீர் ஏறும்; காற்று உள்ளிழுக்கும் குழாய் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் மீண்டும் ஸ்டார்ட் ஆக முயன்றால் கனெக்டிங் ராடு வளைந்து என்ஜினே போய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மேகம் கறுத்திருக்கும் நாட்களில், சீட் பெல்ட்டைப் போட்டதும் என் கை அந்தப் பட்டனுக்குத்தான் போகிறது.