2எஸ், 3எஸ் இருக்கட்டும், முதலில் சார்ஜர்

சங்குத்துறைக் கடற்கரையில் ஆர்சி கார் (ரிமோட்டில் ஓடும் சிறு கார்) ஓட்டுபவருக்கும், கீரிப்பாறைப் பக்கம் மலைச்சரிவில் கிராலர் (மெதுவாக ஊர்ந்து பாறை ஏறும் ஆர்சி வண்டி) ஏற்றுபவருக்கும் ஒரே பேட்டரி சரிப்படாது. மணலில் சக்கரம் புதைந்தால் மோட்டார் கரண்டை வாரி இழுக்கும். அந்த இழுப்புக்கு ஈடுகொடுப்பது லிப்போ எனும் லித்தியம் பாலிமர் பேட்டரிதான். 18650 எனும் உருளை செல்களைக் கோத்த லித்தியம் அயன் பேக், அதே எடைக்குக் கூடுதல் நேரம் ஓடும். ஆனால் திடீரென்று வேகம் கூட்டினால் வோல்டேஜ் சரிந்து, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி வண்டியை நிறுத்திவிடும். ஊர்ந்து ஏறும் கிராலரில் இந்தக் குறை தெரியவே தெரியாது. அங்கே என் ஓட்டு லித்தியம் அயனுக்கே.

லிப்போவில் இரண்டு செல்களைத் தொடராகக் கோத்த 7.4 வோல்ட் 2எஸ்ஸா, மூன்று செல் கோத்த 11.1 வோல்ட் 3எஸ்ஸா? மணலில் 3எஸ் பாயும். மோட்டாரும் சேர்ந்து கொதிக்கும். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஆர்சி காருக்கு 2எஸ் தாராளம். முட்டம் போன்ற பாறைக்கரை என்றால் கெட்டி உறை போட்ட பேக்கையே வாங்குங்கள்.

லேபிளில் உள்ள 'சி' எண்ணுக்கு, அதாவது கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு கரண்ட் தரும் என்ற எண்ணுக்கு, மயங்க வேண்டாம். 5000 எம்ஏஎச் (5 ஆம்பியர்-மணி கொள்ளளவு), 50சி என்றால் கணக்குப்படி 250 ஆம்பியர். அதில் மாட்டியிருக்கும் எக்ஸ்டி60 கனெக்டரோ 60 ஆம்பியருக்கானது!

காசைப் போடவேண்டிய இடம் சார்ஜர். வண்டியோடு இலவசமாக வரும் குட்டிச் சார்ஜர்களில் பல ஒரு ஆம்பியர்கூடத் தருவதில்லை. 5000 எம்ஏஎச் பேக் முழுதாக நிரம்ப ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். பி6 வகை 50 வாட் பேலன்ஸ் சார்ஜர் (எல்லா செல்களையும் ஒரே வோல்டேஜில் நிறைப்பது) 2எஸ் பேக்குக்கு 5 ஆம்பியர் கொடுக்கும், 8.4 வோல்ட்டில் 42 வாட்தானே. 3எஸ்ஸுக்கு 63 வாட் வேண்டும் என்பதால் அங்கே வேகம் குறையும். 80 வாட் மாடல் அதற்குத்தான். பி6 என்பது போலிகள் மலிந்த பெயர். வாங்கியதும் ஒவ்வொரு செல்லும் 4.20 வோல்ட்டில் நிற்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஸ்டோரேஜ் வசதி, அதாவது ஓட்டாமல் வைக்கும்போது பேக்கைப் பாதி அளவில் நிறுத்தும் வசதி. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. வண்டி வாரக்கணக்கில் மூலையில் கிடக்கும். நிறைத்து வைத்த லிப்போ உப்பிவிடும்; செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்தால் தாங்கும். குட்டிச் சார்ஜருக்கு அந்த வேலை தெரியாது.

சார்ஜர் நேரடி வீட்டு மின்சாரத்தில் ஓடுவதா, 12 வோல்ட் டிசி மட்டும் ஏற்பதா? முதலாவது சௌகரியம். ஆனால் மழையில் கரண்ட் போனால், இரண்டாவதை நிஜக் காரின் பேட்டரியில் மாட்டி வேலையை முடித்துவிடலாம். இரண்டையும் ஏற்கும் மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.