பிஐஎஸ் கேர் ஆப்: ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் ஒரு நம்பர் பார்த்துவிடுங்கள்

ஆன்லைனில் குக்கரோ சார்ஜரோ வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது எத்தனை நட்சத்திரம், எத்தனை ரிவ்யூ, எவ்வளவு தள்ளுபடி, நாளைக்கே வந்துவிடுமா, இவ்வளவுதான். இந்த நான்கில் ஒன்றுகூட அந்தச் சாமான் பாதுகாப்பானதா என்று சொல்லாது. பலர் பார்சல் வந்த அன்றே, பெட்டியைப் பிரித்த சந்தோஷத்தில் ரிவ்யூ எழுதிவிடுகிறார்கள். பளபளப்பாக இருக்கிறது, பேக்கிங் நன்று, டெலிவரி தம்பி மரியாதையாகப் பேசினார் என்று ஐந்து நட்சத்திரம். வெயிட் அடைத்துக்கொண்டால் அந்தக் குக்கரின் சேஃப்டி வால்வு சரியான சூட்டில் உருகி ஆவியை வெளியே விடுமா என்று அவர்கள் எப்படிச் சொல்ல முடியும்? அதையெல்லாம் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு விதிமுறை இருக்கிறது, அதற்குத்தான் ஐஎஸ்ஐ முத்திரை. அந்த முத்திரை நிஜமா போலியா என்று வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்க உதவுவதுதான் பிஐஎஸ் கேர்.

இந்திய தர நிர்ணய அமைவனம், அதாவது பிஐஎஸ், 2020 ஜூலையில் வெளியிட்ட ஆப் இது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு, காசு கிடையாது. பார்க்க அழகாக இருக்குமா என்றால், அரசாங்க ஆப் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அதை விடுங்கள், அழகுக்காக இதை யாரும் போனில் ஏற்றப்போவதில்லை.

இதில் முக்கியமான வேலை மூன்று வகை நம்பரைச் சரிபார்ப்பது. முதலாவது ஐஎஸ்ஐ. அந்த முத்திரையைக் கூர்ந்து பாருங்கள்: மேலே ஐஎஸ் என்று தொடங்கும் ஒரு தர எண், கீழே சிஎம்/எல் என்று தொடங்கி 7 அல்லது 10 இலக்கத்தில் ஒரு லைசென்ஸ் எண். குக்கர் என்றால் மேலே ஐஎஸ் 2347 இருக்க வேண்டும், ஹெல்மெட் என்றால் ஐஎஸ் 4151. கீழே எண்ணே இல்லாமல் வெறும் ஐஎஸ்ஐ படம் மட்டும் அச்சடித்திருந்தால் ஆப்பைத் திறக்கவே வேண்டாம், அப்படியே ரிட்டர்ன் போடலாம். இரண்டாவது, மொபைல் சார்ஜர், பவர் பேங்க், எல்இடி பல்பு, ஸ்மார்ட் வாட்ச் போன்ற எலக்ட்ரானிக் சாமான்களுக்கு வருவது. இவற்றில் ஐஎஸ்ஐ இருக்காது, ஆர் என்ற எழுத்தும் ஒரு கோடும் போட்டு 8 இலக்க எண் இருக்கும். ஐஎஸ்ஐ இல்லை என்று பதறிப்போய் நல்ல சார்ஜரைத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன். மூன்றாவது தங்கம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

எண்ணைத் தட்டினால் எந்த நிறுவனத்துக்கு லைசென்ஸ், தொழிற்சாலை எங்கே இருக்கிறது, எந்தச் சாமானுக்கு, என்ன பிராண்டுக்கு, லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று வரும். இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். எண் போட்டதும் ஏதோ ஒரு கம்பெனி பெயர் வந்துவிட்டால் போதும் என்று ஆப்பை மூடிவிடுகிறார்கள். போதாது. என் மச்சான் ஒருவர் தண்ணீர் சூடாக்கும் ராடு ஒன்றை ஒரு தளத்தில் மலிவாக வாங்கினார். முத்திரை இருந்தது, எண்ணும் இருந்தது, தட்டினால் நிஜமான லைசென்ஸ்தான் வந்தது. ஆனால் அது வேறொரு மாநிலத்தில் மின் வயர் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது! யாரோ யாருடைய எண்ணையோ எடுத்து ராடில் அடித்துவிட்டார்கள். விற்றவரிடம் கேட்டால், "சார், இது எக்ஸ்போர்ட் குவாலிட்டி, இதுக்கெல்லாம் ஐஎஸ்ஐ தேவையே இல்லை" என்று பதில். அப்புறம் எதற்கு முத்திரையை அடித்தார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ரிட்டர்ன் தேதி முடியவில்லை என்பதால் பணம் திரும்பி வந்தது.

ஆகவே வரும் விவரத்தில் சாமான் ஒத்துப்போகிறதா, பிராண்டு ஒத்துப்போகிறதா, பெட்டியில் போட்டிருக்கும் தயாரிப்பாளர் முகவரியும் ஆப் காட்டுவதும் ஒன்றா என மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றும் பொருந்தினாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. நல்ல பிராண்டின் எண், பெட்டி, முகவரி எல்லாவற்றையும் அப்படியே நகல் எடுத்து ஒருவர் போலி செய்தால் இந்த ஆப்பால் கண்டுபிடிக்க முடியாது. அது லைசென்ஸைத்தான் சரிபார்க்கிறது, உங்கள் கையில் இருக்கும் குக்கரை அல்ல. 2000 ரூபாய்க்கு விற்கும் பிராண்டு குக்கர் எங்கோ ஒரு மூலையில் 600 ரூபாய்க்குக் கிடைத்தால், எண் சரியாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

பெரிய தளத்தில் வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2021 பிப்ரவரியிலிருந்து வீட்டுக் குக்கருக்கு ஐஎஸ்ஐ கட்டாயம். அதற்குப் பிறகும் தரச்சான்று இல்லாத குக்கர்கள் அமேசானில் விற்பனையாயின. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, 2,265 குக்கர்களை வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, அவற்றைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கச் சொன்னது. அமேசான் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது தனிக்கதை. அதே மாதம் ஃபிளிப்கார்ட்டுக்கும் இதே காரணத்துக்காக அபராதம். நம் ஊருக்கு வந்தால், 2025 மார்ச்சில் பிஐஎஸ் அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் அமேசான் கிடங்கில் சோதனை போட்டு, முறையான தரச்சான்று இல்லாத 3,000க்கும் மேற்பட்ட சாமான்களைப் பறிமுதல் செய்தார்கள். பிளாஸ்க், ஸ்டீல் தண்ணீர் பாட்டில், மின்விசிறி, பொம்மை என எல்லாம் நாம் தினமும் கார்ட்டில் போடுகிற ஐட்டங்கள். தளம் பெரியது என்பதற்கும் அதில் கடை போட்டிருப்பவர் யார் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

பொம்மை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கறாராக இருக்கலாம். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கும் ஐஎஸ்ஐ கட்டாயம். வாயில் வைத்துக் கடிக்கிற வயதுக் குழந்தைக்கு, உடைந்தால் உள்ளே என்ன வரும், பெயிண்டில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத ஒன்றை 99 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வாங்கிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாமான் வந்த பிறகு பார்ப்பதைவிட வாங்குவதற்கு முன்பே பார்ப்பது இன்னும் நல்லது, அதற்கும் வழி இருக்கிறது. கம்பெனி போட்டிருக்கும் படங்களைவிட, ரிவ்யூக்களில் வாங்கியவர்கள் போட்டிருக்கும் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், பாதி நேரம் குக்கரின் அடிப்பாகமோ சார்ஜரின் பின்பக்கமோ கிடைத்துவிடும். இல்லையா, கேள்வி கேட்கும் இடத்தில் சிஎம்/எல் எண் என்ன என்று கேளுங்கள். ஒழுங்கான விற்பனையாளருக்கு அதைச் சொல்வதில் எந்தச் சிரமமும் இல்லை. விற்பவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது என்ற விவரங்களைக் காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளே சொல்கின்றன, அது இல்லாத பக்கத்தை அப்படியே கடந்துவிடலாம். "இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டினால் பயப்பட வேண்டாம். இல்லாத அவசரத்தை இருப்பதுபோல் காட்டுவதை ஏமாற்று உத்தி என்று 2023இல் மத்திய அரசே வழிகாட்டு நெறிமுறை போட்டுத் தடை செய்திருக்கிறது. தடை இருந்தும் போடுகிறார்கள் என்பது வேறு.

சரி, தங்கம். ஆன்லைனில் நகை வாங்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை, ஆனால் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை என்றால் அதில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க எச்யுஐடி, அதாவது அந்த ஒரு நகைக்கு மட்டுமே உரிய அடையாள எண், இருந்தே ஆக வேண்டும். அதை ஆப்பில் போட்டால் நகை வகை, தூய்மை, எந்த மையத்தில் ஹால்மார்க் போட்டார்கள், எப்போது என்று வரும். கையில் இருப்பது கம்மல், ஆப்பில் வருவது மோதிரம் என்றால் புரிந்துகொள்ளுங்கள். முத்திரையில் சொன்ன தூய்மை இல்லை என்று நிரூபணமானால், தூய்மை எவ்வளவு குறைந்ததோ அந்த வித்தியாசத்துக்கு உண்டான தொகையைப் போல் இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் வாங்குபவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது பிஐஎஸ் விதி. எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கும், பூதக்கண்ணாடி வேண்டும். போன் கேமராவில் ஜூம் செய்தாலும் சில நேரம் தெரியாது.

போலி என்று தெரிந்தால் ஆப்பிலேயே புகார் கொடுக்கும் இடம் இருக்கிறது. பில், முத்திரையின் படம், விற்பனைப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் மூன்றையும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புகார் போனதும் முதலில் காணாமல் போவது அந்தப் பக்கம்தான். ஆனால் ஒன்று, இந்தப் புகார் முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியவர் மேல் நடவடிக்கை எடுப்பதற்கு. பணம் திரும்ப வேண்டும் என்றால் முதலில் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கே நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். எண்ணைக் கையால் அடிக்க வேண்டியிருப்பதுதான் குறை. பொடி எழுத்தில் 10 இலக்கத்தைப் படித்து அடிப்பதற்குள் வயதானவர்களுக்குப் பொறுமை போய்விடும், எல்லாச் சாமானிலும் க்யூஆர் கோடு வந்தால் நன்றாக இருக்கும். ஆப்பை பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் மட்டும் எடுங்கள், வெளியிட்டது இந்திய தர நிர்ணய அமைவனம்தானா என்று பெயரைப் பாருங்கள். இந்தப் பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் எதுவும் வந்தால் தொட வேண்டாம்.